கண்ணாடி அடுப்பு வெடித்து அம்மா காலில் வெட்டு: "கண்ணாடிக்கு வாரண்டி இல்லை" என்றால் அதோடு முடிந்ததா?

தையல்காரி மகள்:

வணக்கம்ங்க. எங்க அம்மா தாராபுரம் பக்கத்துல இருக்காங்க. அவங்க வீட்டு மூணு பர்னர் கண்ணாடி அடுப்பு போன மாசம் வெடிச்சிருச்சு. கேஸ் கசியல, தீயும் பிடிக்கல. மேல இருக்குற கருப்புக் கண்ணாடி மட்டும் படார்னு உடைஞ்சிருச்சு. இடது பர்னர்ல பருப்பு வெந்துட்டிருந்த சட்டி சரிஞ்சு தொடையில கொட்டிருச்சு. அம்மா பின்னால நகர்றதுக்குள்ள நீளமா ஒரு துண்டு வலது பாதத்து மேல விழுந்து, பெருவிரலைத் தூக்குற தசைநார் அறுந்து போச்சு. தனியார் ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணோம். இதுவரைக்கும் 62,000 ரூபாய் ஆச்சு, பிசியோதெரபி இன்னும் ஓடிட்டிருக்கு.

அம்மா வீட்டுல ஓவர்லாக் மெஷின் வெச்சு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறாங்க. பெடல் மிதிக்கிற காலே அதுதான். இப்ப மெஷின் மேல துணி மூடிக் கெடக்கு.

அடுப்பு போன தீபாவளிக்கு என் தம்பி வாங்கிக் கொடுத்தது. 4,800 ரூபாய். கடையில பில் கேட்டதுக்கு எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தாங்க, பணம் தம்பி ஜிபேல போட்டான். வாரண்டி கார்டுல கடை சீல் இருக்கு, தேதியும் இருக்கு.

கம்பெனிக்கு போன் பண்ணதும் சர்வீஸ் ஆள் வந்தாரு. போட்டோ எடுத்தாரு. "பெரிய பாத்திரம் வெச்சிருப்பீங்க, இல்லேன்னா சூட்டோட ஈரத்துணி போட்டுத் துடைச்சிருப்பீங்க"ன்னாரு. கார்டைத் திருப்பிக் காட்டினாரு. "கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு வாரண்டி கிடையாது"ன்னு பொடி எழுத்துல இருக்கு. 1,500 கட்டினா புதுக் கண்ணாடி போட்டுத் தர்றாங்களாம். ரெண்டு நாள் கழிச்சு வேற ஒருத்தர் கூப்பிட்டு, "புது அடுப்பே இலவசமா தர்றோம்மா, பழசை அப்படியே துண்டுகளோட கொடுத்துருங்க, ஒரு லெட்டர்ல கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னாரு. லெட்டர் வாட்ஸ்அப்ல வந்துச்சு. "இத்துடன் எங்கள் கோரிக்கைகள் அனைத்தும் முழுமையாகத் தீர்ந்தன"ன்னு இருக்கு.

அம்மா "புது அடுப்பு வந்தாப் போதும், கோர்ட்டு கச்சேரின்னு அலைய முடியாது"ங்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பல. வாரண்டி இல்லைன்னு எழுதிட்டா ஆஸ்பத்திரிச் செலவைக் கேக்க வழியே இல்லையா?

உண்மை விளம்பி:

வாரண்டி கார்டுல தெளிவா போட்டிருக்கான், படிக்காம வாங்கினது யார் தப்பு? கன்ஸ்யூமர் கோர்ட் போனா வக்கீல் பீஸே அடுப்பு விலையைத் தாண்டும். இலவசமா தர்றதை வாங்கிட்டு வேலையைப் பாருங்க.

கொடுமுடிக்காரன்:

கேஸ் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கே, சிலிண்டர் விபத்துக்கு லட்சக்கணக்குல தர்றாங்களே. ஏஜென்சில கேட்டுப் பாருங்க.

மலைக்கோட்டை வக்கீல்:

அம்மணி, முதல் வேலை: அந்த லெட்டரில் கையெழுத்து வேண்டாம். அடுப்பையும் துண்டுகளையும் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

கொடுமுடிக்காரர் சொல்லும் இன்சூரன்ஸ், சமையல் எரிவாயுவே விபத்துக்கு முதல் காரணமாக இருந்தால் கிடைப்பது. இங்கே கேஸ் கசியவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தக் கதவைத் தட்டி நாளைக் கழிக்க வேண்டாம்.

உண்மை விளம்பி அண்ணாச்சி சொல்வதைத்தான் கம்பெனிக்காரர்களும் சொல்வார்கள், பாதிப் பேர் நம்பியும் விடுவார்கள். வாரண்டி என்பது அடுப்பைப் பற்றிய பேச்சு. கெட்டுப் போனால் மாற்றித் தருவோமா, எந்தப் பாகத்துக்குத் தருவோம் என்பதோடு அது நின்றுவிடும். உங்கள் அம்மாவின் கால் அந்தக் கார்டுக்குள் அடங்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயமே புதிதாக வந்தது. 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள். குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயமோ நோயோ சாவோ ஏற்பட்டால் தயாரித்தவர், சர்வீஸ் செய்தவர், விற்றவர் ஆகியோரில் யார் எப்போது பொறுப்பு என்பதை அது சொல்கிறது.

அந்தச் சட்டத்தில் "தீங்கு" என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. உடல் காயம், அதனால் வரும் மன வேதனை, அந்தப் பொருளைத் தவிர்த்த மற்ற சொத்துச் சேதம் எல்லாம் அதில் வரும். அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வராது. அதாவது உடைந்த அடுப்பின் விலை ஒரு கணக்கு, அறுந்த தசைநார் வேறு கணக்கு. கம்பெனி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 4,800 ரூபாய் அடுப்பை மேலே வைத்து உங்களிடம் நீட்டுகிறது. "கோரிக்கைகள் அனைத்தும்" என்ற வரி இதற்காகத்தான். நீங்கள் ஒரே புகார் மனுவில் இரண்டையும் கேட்கலாம்: குறைபாடான பொருள் என்று அடுப்பின் விலையை, பொருள் பொறுப்பு என்று காயத்துக்கான இழப்பீட்டை.

தயாரிப்பாளர் மேல் எதைக் காட்ட வேண்டும் என்பது 84-வது பிரிவு. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, தயாரிப்பு விவரக்குறிப்பிலிருந்து விலகல், வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாமை. இந்த ஐந்தில் ஒன்று நிலைத்தால் போதும். தொழிற்சாலையில் யார் அலட்சியமாக இருந்தார்கள் என்று தாராபுரத்தில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் பக்கத்து ஓட்டைகள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

பில் தம்பி பேரிலா, அம்மா பேரிலா என்று கேட்பார்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான், சட்டமே சொல்கிறது. எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பதிவு, சீல் போட்ட கார்டு மூன்றும் சேர்ந்தால் வாங்கியதற்குப் போதுமான ஆதாரம். (ஜிஎஸ்டி பில் கொடுக்காத கடைக்காரர் "எங்க கடையில வாங்கவே இல்லை" என்று சொல்ல மாட்டார். சொன்னால் சீல் எப்படி வந்தது என்று அவர்தான் விளக்க வேண்டும்.)

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எனக்கு வரும் வழக்குகளில் பாதி அங்கேதான் நொண்டும். "வீட்டில் தவறி விழுந்து கண்ணாடி வெட்டு" என்று அவசரத்தில் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம், அடுப்புக் கண்ணாடி வெடித்து ஏற்பட்ட காயம் என்றும், கால் எத்தனை நாள் ஊன்றக்கூடாது என்றும் தனியாகச் சான்று வாங்குங்கள். தையல் வருமானத்துக்கு, துணி கொடுக்கும் கம்பெனியின் பீஸ் கணக்கு நோட்டு. இதில் ஒரு இடறல் உண்டு. வணிக, பொருளாதார இழப்பு "தீங்கு" ஆகாது என்று அதே வரையறை சொல்வதை வைத்து எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் "தொழில் நஷ்டம்" என்று தனித் தலைப்புப் போடாமல், உடல் காயத்தால் உழைக்க முடியாமல் போன வருமானம் என்று காயத்தோடு சேர்த்தே எழுத வேண்டும்.

வக்கீல் பீஸ் பற்றி: கட்டாயம் வக்கீல் வேண்டும் என்றே இல்லை, நீங்களே மனுப் போடலாம். என் பிழைப்பைக் கெடுக்கும் வாக்கியம்தான், ஆனாலும் உண்மை. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதாவது கன்ஸ்யூமர் கோர்ட். இழப்பீடாக எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே இது தீர்மானமாகும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கம்பெனி வட இந்தியாவில் இருந்தாலும் அம்மா குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். காலக்கெடு இரண்டு வருடம். பொருளைச் சோதிக்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஐந்து மாதத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அடுப்புக்கடை பழனி ரோடு:

எனக்குச் சட்டம் தெரியாதுங்க, அடுப்பு தெரியும். ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். ஒரே ஒரு கேள்வி: உடைஞ்ச துண்டெல்லாம் எப்படி இருக்கு? சின்னச் சின்னதா, முனை மழுங்கி கல்கண்டு மாதிரியா, இல்ல நீளநீளமா கூரா இருக்கா?

ஏன் கேக்குறேன்னா, அடுப்புக்குப் போடுறது டஃபண்ட் கிளாஸ். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, குளிர்ந்த காத்தை ரெண்டு பக்கமும் வேகமா அடிச்சு இறுக்குவாங்க. மேல் தோல் அமுங்கி நிக்கும், உள்ளே இழுத்துட்டு நிக்கும். அதனால சாதாக் கண்ணாடியை விட பல மடங்கு தாங்கும். ஒரு எடத்துல உடைஞ்சா உள்ள இருக்குற இழுவை மொத்தமும் ஒரே நேரத்துல விடுபட்டு, முழுத் தகடும் பொடிக்கட்டியா உதிரும். ரெண்டு மூணு கட்டி ஒட்டிக்கிட்டு விழலாம், சிராய்க்கும், லேசா கீறும். பாதத்துல தசைநார் அறுக்குற அளவுக்கு நீளத் துண்டு விழுந்துச்சுன்னு நீங்க எழுதினதும் எனக்கு அங்கேயே இடிச்சுது.

பாருங்க, சர்வீஸ் ஆள் சொன்னது எல்லாமே உடையறதுக்கான காரணம். பெரிய பாத்திரம் வெச்சா சூடு கீழ திரும்பிக் கண்ணாடில அடிக்கும், உண்மைதான். ஈரத்துணி போட்டாலும் உடையும். ஓரத்துல சின்னதா செதில் போயிருந்தா ஒண்ணும் பண்ணாமலேயே உடையும். கண்ணாடிக்குள்ள நிக்கல் சல்ஃபைடுன்னு கண்ணுக்குத் தெரியாத தூசி மாட்டியிருந்தா நடுராத்திரில அடுப்பு அணைஞ்சிருக்கும்போதே வெடிக்கும். (பெரிய கட்டடங்களுக்குப் போற கண்ணாடியை இதுக்காகவே 290 டிகிரி அளவுல மறுபடி சுட்டு, உடையறதை ஃபேக்டரிலயே உடைய விடுவாங்க.) ஆனா இதுல எது நடந்தாலும் டஃபண்ட் கிளாஸ் கட்டியாத்தான் உதிரணும். நீங்க எப்படிச் சமைச்சீங்கங்கிறது துண்டோட வடிவத்தை மாத்தாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பர்னர் சரியா உக்காராம தீ கண்ணாடிக்கு அடியில ரொம்ப நாள் எரிஞ்சா அந்த எடத்துல இறுக்கம் தளர்ந்து போகும். அப்படின்னா அடித்தகட்டுல கரி படிஞ்சிருக்கும். அதையும் பாத்துச் சொல்லுங்க. துடைச்சுப் பாக்காதீங்க, அப்படியே போட்டோ எடுங்க.

தையல்காரி மகள்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. துண்டெல்லாம் அரிசிச் சாக்குல கட்டி வெச்சிருந்தோம், இப்பத்தான் பிரிச்சுப் பாத்தேன். கொஞ்சம் பொடியா இருக்கு. ஆனா நிறைய நீளமாத்தான் இருக்கு, பெருசு ஒண்ணு என் முழங்கை நீளம், நுனி கத்தி மாதிரி. அம்மா கால்ல விழுந்தது அதை விடச் சின்னது, அதுல இன்னும் ரத்தக்கறை இருக்கு. ஒரு மூலைத் துண்டுல வெள்ளை எழுத்துல "டஃபண்ட் கிளாஸ்"னு அச்சடிச்சிருக்கு. அட்டைப் பெட்டில "8 எம்எம் டஃபண்ட், உடையாத உறுதி"ன்னு போட்டிருக்கு. தம்பி ஸ்கேல் வெச்சு அளந்தான், 5 எம்எம்தான் வருது. அடித்தகட்டுல கரி இல்லை, பருப்புதான் காஞ்சு ஒட்டியிருக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரில "கீழே விழுந்ததால் காயம்"னுதான் போட்டிருக்கு. நீங்க சொன்ன மாதிரியேதான்.

அந்த லெட்டர் ஆள் மறுபடி கூப்பிட்டாரு. இந்த வாரத்துக்குள்ள கொடுக்கலைன்னா ஆஃபர் முடிஞ்சிருமாம்.

அடுப்புக்கடை பழனி ரோடு:

முழங்கை நீளமா? அது ஒழுங்கா டஃபண்ட் பண்ணின கண்ணாடியே இல்லைங்க. பேருக்குச் சூடு காட்டி எடுத்திருப்பானுங்க. எங்க கடைக்கு மாத்துக் கண்ணாடி விக்க வர்ற ஏஜெண்டுகள்ள சில பேர் இப்படித்தான், எழுத்து மட்டும் அச்சடிச்சிருக்கும். சுத்தி வெச்சு ஒண்ணைத் தட்டிக் காட்டுய்யான்னா பையைச் சுருட்டிட்டுக் கெளம்பிருவாங்க.

அடுப்பு பக்கவாட்டுல ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 4246ன்னு எண், கீழ சிஎம்/எல்னு ஒரு லைசன்ஸ் எண் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை தர்ற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்புல அந்த எண்ணைப் போட்டா லைசன்ஸ் யார் பேர்ல இருக்கு, உயிரோட இருக்கான்னு காட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

மலைக்கோட்டை வக்கீல்:

பழனி ரோட்டுக்காரருக்கு என் கும்பிடு. நான் வாரண்டிக்கும் காயத்துக்கும் வரப்புப் போட்டுக்கொண்டிருந்தேன், அவர் வழக்கையே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

இப்போது நிலைமை வேறு. அட்டைப் பெட்டியில் "8 எம்எம் டஃபண்ட்" என்று அச்சடித்தது கம்பெனி தானாகக் கொடுத்த வெளிப்படையான உத்தரவாதம். உள்ளே இருந்தது அது இல்லை என்றால் 84-ன் ஐந்தில் அதுவே நேராகப் பொருந்தும். அந்த உத்தரவாதத்தைத் தந்ததில் எங்கள் பக்கம் அலட்சியமோ மோசடியோ இல்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 84(2) தனியாகவே சொல்கிறது. "எங்களுக்குக் கண்ணாடி தந்த சப்ளையர் ஏமாற்றிவிட்டான்" என்பது அவர்களுக்கும் சப்ளையருக்கும் உள்ள தகராறு.

"கண்ணாடி உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துதானே" என்று 87-ஐ எடுத்துப் பேசுவார்கள். வெளிப்படையான, எல்லோரும் அறிந்த ஆபத்தை எச்சரிக்கத் தேவையில்லை என்று அதில் இருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கை தரவில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில். "உடையாத உறுதி" என்று பெட்டியில் போட்டுவிட்டு, உடையும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே வாயால் சொல்ல முடியாது. தவறாகப் பயன்படுத்தினால் வழக்கு இல்லை என்ற பிரிவும் எழுத்தின்படி விற்பனையாளருக்குத்தான் பாதுகாப்பு. தயாரிப்பாளரும் அதைப் பேசிப் பார்ப்பார், பேசட்டும்.

நிபுணர் அறிக்கை எங்கே என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையமே மாதிரியை எடுத்து, சீல் வைத்து, தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் (38-வது பிரிவு). ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். மனுவோடு சேர்த்தே இதற்கும் ஒரு மனுப் போடுங்கள். கீழே சொல்லும் வேலைகள் முடிந்ததும் அந்தச் சாக்கைக் கட்டிவிடுங்கள், அதன்பின் அதுவரை யாரும் அவிழ்க்க வேண்டாம். ரத்தக்கறைத் துண்டைத் தனிக் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எல்லாத் துண்டையும் போட்டோ எடுங்கள். அட்டைப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தீபாவளி சுத்தத்தில் எத்தனையோ வழக்குகள் பழைய பேப்பர்காரர் வண்டியில் போயிருக்கின்றன.

ஆய்வகம் இல்லாமலும் சில சமயம் பொருளே பேசும். மோதலில் காற்றுப்பை விரியாத கார் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹூண்டாய் கம்பெனி மேல்முறையீடு, 2022 ஏப்ரலில் தீர்ப்பு. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள், வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவும் நிலைத்தது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

கடைக்காரரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும், ஆனால் அவர்மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விற்பவர் பொறுப்பாவது குறிப்பிட்ட சில நிலைகளில்தான்: பொருளை மாற்றியமைத்தால், தனியாக உத்தரவாதம் கொடுத்தால், பொருத்துவதில் கவனக்குறைவாக இருந்தால், தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால் அல்லது அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால். கடைசிக் காரணத்துக்காகத்தான் சேர்க்கச் சொல்கிறேன். பெட்டியில் போட்ட விலாசம் பொய் என்றால் கடைக்காரர் கையைப் பிடிக்கலாம்.

கொடுமுடிக்காரன்:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கணும். நான் ஆன்லைன்ல பேர் தெரியாத குக்கர் ஒண்ணு வாங்கியிருக்கேன், ஐஎஸ்ஐயே இல்லை. அது வெடிச்சா யாரைப் பிடிக்கிறது?

மலைக்கோட்டை வக்கீல்:

வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பரணில் போடுங்கள். வீட்டுக் குக்கருக்கு 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ் 2347 முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அமேசானுக்கு ஒரு லட்சம் அபராதம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களை வாங்கியவர்களுக்கும் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லுங்கள்.

தையல்காரி மகளுக்கு: அந்த ஆளிடம் போனில் பேசாதீர்கள். "அடுப்பும் கண்ணாடித் துண்டுகளும் சாட்சியப் பொருள்கள், ஆணையம் கேட்டால் அங்கே ஒப்படைப்போம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி. தொடர்ந்து கம்பெனிக்கும் கடைக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். சட்டப்படி நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் அவர்கள் எழுதும் பதிலில் "பெரிய பாத்திரம்", "ஈரத்துணி" என்று இரண்டு விதமாகக் கதை வந்தால் அது நமக்கு லாபம். புது அடுப்பு அவசரம் என்றால் தம்பியை வேறு ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள், அந்த பில்லையும் எடுத்து வையுங்கள். இந்தத் தடவை ஜிஎஸ்டி பில்.

தையல்காரி மகள்:

அந்த வரியை அனுப்பிட்டேங்க. ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. டாக்டரைப் பாக்க வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கு, சான்று அப்பவே கேக்குறேன். சிஎம்/எல் எண் போட்டுப் பாத்தா லைசன்ஸ் வேற ஒரு கம்பெனி பேர்ல காட்டுது. அந்தக் கம்பெனியையும் சேக்கணுமா?

மலைக்கோட்டை வக்கீல்:

கண்டிப்பாக. பெட்டியில் பேர் போட்டவர் முதல் எதிர்த்தரப்பு, லைசன்ஸ்காரர் இரண்டாவது, கடைக்காரர் மூன்றாவது. அடுத்தவர் லைசன்ஸ் எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் அந்த இரண்டாவது ஆளே உங்களுக்குச் சாட்சியாக வந்து நிற்பார். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி தெரிகிற மாதிரி இன்னொன்று எடுங்கள்.